பூச்சு வேலைக்கு முன்: வீடு முழுக்கப் பாட்டுக் கேட்க ஒயரிங் திட்டம்

எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது ஐந்து இடங்களுக்கு ஸ்பீக்கர் ஒயர் இழுத்தேன். சமையலறையை விட்டுவிட்டேன். அங்கே நின்று யார் பாட்டுக் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு. பூச்சு முடிந்து, பெயின்ட் காய்ந்து, குடிவந்த இரண்டாவது வாரமே தெரிந்துபோயிற்று, நாள் முழுக்க ஆள் நடமாட்டம் உள்ள அறையே அதுதான் என்று. இன்றுவரை அங்கே ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர்தான் பாடிக்கொண்டிருக்கிறது. ஹாலில் ஓடும் அதே பாட்டுக்குக் கொஞ்சம் பின்னால், எசப்பாட்டு மாதிரி.

சுவரும் கூரையும் திறந்து கிடக்கும் அந்தச் சில வாரங்கள்தான் இந்த வேலைக்கு ஏற்ற நேரம். ஸ்பீக்கர் என்றால் என்ன பிராண்ட், ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் என்றால் எத்தனை வாட் என்று எதுவும் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. அதையெல்லாம் பிறகு முடிவு செய்யலாம். ஒயரை மட்டும் பிறகு போட முடியாது.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். எந்தக் கருவி வாங்குவது என்று மாதக்கணக்கில் அலசுவார்கள். அதற்குள் கொத்தனார் சுவரைப் பூசி முடித்திருப்பார். கருவிகளின் ஆயுள் எவ்வளவு என்று பாருங்கள். நெட்வொர்க் வழியாகப் பாட்டு ஓட்டும் ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவி வரிசையை லாஜிடெக் 2012-இல் நிறுத்தியது. 2015-இல் வந்த குரோம்காஸ்ட் ஆடியோ என்ற, ஸ்பீக்கரோடு இணைக்கும் பாட்டுக் கருவியின் தயாரிப்பை 2019 தொடக்கத்தில் கூகுள் நிறுத்தியது. வைஃபை ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸ் தன் பழைய மாடல்கள் சிலவற்றுக்குப் புதிய வசதிகள் தருவதை 2020-இல் நிறுத்திக்கொண்டது. செம்பு ஒயர் அப்படியில்லை. சுவருக்குள் ஒழுங்காகப் போட்ட ஒயர் இருந்தவர்கள் பெட்டியை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள்.

காகிதத்தோடு வீட்டைச் சுற்றி வாருங்கள்

வீட்டின் வரைபடத்தை ஒரு பெரிய தாளில் எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக நில்லுங்கள். இங்கே யார் இருப்பார்கள், எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருப்பார்கள்? உட்கார்ந்து கவனமாகக் கேட்பார்களா, வேலையோடு வேலையாகக் காதில் விழுந்தால் போதுமா? இந்த இரண்டுக்கும் ஸ்பீக்கர் வைக்கும் இடமும் எண்ணிக்கையும் வேறு.

அப்புறம் வீட்டை 'ஸோன்'களாகப் பிரியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே பாட்டு, ஒரே சத்த அளவு என்று இயங்கும் பகுதிதான் ஒரு ஸோன். அறைக்கு ஒரு ஸோன் என்று இருக்க வேண்டியதில்லை. ஹாலும் சாப்பாட்டு இடமும் திறந்தபடி ஒன்றாக இருந்தால் அங்கே இரண்டு பாட்டு ஓடினால் காது தாங்காது. ஒரே ஸோன் போதும், சத்தத்தை மட்டும் தனித்தனியாகக் குறைக்க முடிந்தால் நல்லது. படுக்கையறைகள் ஒவ்வொன்றும் தனி ஸோன்தான், அதில் சமரசம் வேண்டாம். நடைவழியைப் பக்கத்து ஸோனோடு சேர்த்துவிடலாம். குளியலறையை அதன் படுக்கையறையோடு சேர்க்கத் தோன்றும். விடியற்காலையில் ஒருவர் குளிக்க, இன்னொருவர் தூங்கும் வீடாக இருந்தால் தனியாகவே வையுங்கள்.

'இங்கே தேவைப்படாது' என்று தோன்றும் அறைக்கும் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஸ்பீக்கரோ கருவியோ அங்கே இப்போது வேண்டாம். ஒயர் இருக்கட்டும். என் சமையலறைக் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

ஒயரா, வைஃபையா?

வழிகள் மூன்று. முதலாவது, எல்லா ஆம்ப்ளிஃபயரையும் ஓரிடத்தில் வைத்து, அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஸ்பீக்கர் ஒயர் இழுப்பது. அறையில் ஸ்பீக்கரைத் தவிர எதுவும் தெரியாது. பழுது பார்ப்பதும் ஓரிடத்தில். இரண்டாவது, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த வைஃபை ஸ்பீக்கர்களை அறைக்கு ஒன்றாக வைப்பது. ஒயர் இல்லை என்பார்கள், ஆனால் கரன்ட் ஒயர் வேண்டும். ஆகவே அந்த உயரத்தில், அந்த மூலையில் ஒரு பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். மூன்றாவது, அறைக்கு ஒரு சின்ன நெட்வொர்க் ஆம்ப்ளிஃபயர் வைத்து, அங்கிருந்து அந்த அறையின் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் ஒயர் விடுவது.

சுவர் திறந்திருக்கும்போது என் வாக்கு முதல் வழிக்குத்தான். ஆனால் அதோடு நிறுத்தாமல் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கேட்-6 நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து இழுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் நாளைக்கு மூன்று வழிகளில் எதற்கு வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். வைஃபை ஸ்பீக்கரே வாங்கினாலும் அதில் நெட்வொர்க் துளை இருந்தால் கேபிளைச் சொருகிவிடலாம்; பாட்டு நடுவில் அறுந்துபோகும் தொல்லை பெரும்பாலும் தீரும்.

அறைகளுக்கிடையே பாட்டு ஒரே தாளத்தில் ஓட வேண்டும் என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். அடுத்தடுத்த இரண்டு அறைகளில் ஒரே ஒலி சில மில்லி விநாடி முன்பின்னாக வந்தால் காது அதை ஒரே ஒலியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. 1949-இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து சொன்ன விஷயம் இது. இடைவெளி சுமார் 30, 40 மில்லி விநாடியைத் தாண்டினால் எதிரொலியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும். சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர்களை அறைக்கு ஒன்றாக வைத்தால் இந்தச் சிக்கல்தான். ஒரே அமைப்பைச் சேர்ந்த நெட்வொர்க் கருவிகள் தங்களுக்குள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வதால் அங்கே இது வராது.

ஸ்பீக்கர் எங்கே?

ஃபால்ஸ் சீலிங் போடுகிறீர்கள் என்றால் கூரைக்குள் பதிக்கும் ஸ்பீக்கர் வசதியானது. ஆறரை அங்குல அளவே வீடுகளில் அதிகம் புழங்குவது. அதற்கு ஏறக்குறைய 20 செ.மீ. விட்டத்தில் ஓட்டையும், மேலே 10 செ.மீ. ஆழமும் தேவைப்படும். மாடலுக்கு மாடல் இது மாறும். ஆகவே ஃபால்ஸ் சீலிங் சட்டம் அடிக்கும் முன்பே ஸ்பீக்கர் மாடலை முடிவு செய்து, அதன் அளவுத்தாளை அந்த வேலையாட்களிடம் கொடுத்துவிடுங்கள். சட்டம் சரியாக ஸ்பீக்கர் வரும் இடத்தில் குறுக்கே போய் நிற்பது அடிக்கடி நடக்கும் கூத்து. விளக்கு, ஏசி காற்றுத் துவாரம், மின்விசிறி எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறித்தால்தான் ஸ்பீக்கரும் விளக்கும் ஒரே வரிசையில் அழகாக வரும்.

எத்தனை வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு. கூரை 3 மீட்டர் உயரம், உட்கார்ந்தவர் காது 1.2 மீட்டர் உயரம் என்றால் இடைவெளி 1.8 மீட்டர். ஸ்பீக்கர் 90 பாகைக் கூம்பாக ஒலியைப் பரப்பினால் காது மட்டத்தில் 3.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை அது நிரப்பும். நின்று வேலை செய்யும் இடத்தில் காது உயரம் ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் வட்டம் 3 மீட்டராகச் சுருங்கும். இந்த வட்டங்களை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஒரே ஸ்பீக்கரை அலற வைப்பதைவிட இரண்டை மெதுவாகப் பாடவிடுவது எப்போதும் இனிமை. சுவரை ஒட்டியோ மூலையிலோ வைத்தால் கீழ்ச்சுருதி ஒலி தேவைக்கு மேல் உறுமும். சுவரிலிருந்து 60 செ.மீ. அளவாவது தள்ளி வையுங்கள்.

நடமாடும் இடங்களில் இடது, வலது என்று ஸ்டீரியோவாகப் பிரிக்காமல், எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் மோனோவாக வைப்பது நல்லது. பழைய ஸ்டீரியோ பதிவுகள் சிலவற்றில் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் ஒரு பக்கமும் இருக்கும். அடுப்படியில் நிற்பவருக்கு வாத்தியம் மட்டும், மேசையருகே இருப்பவருக்குக் குரல் மட்டும் கேட்டால் எப்படி இருக்கும்! குளியலறை போன்ற சின்ன இடத்துக்கு, ஒரே உடலில் இடது, வலது என்ற இரண்டு சேனலையும் வாங்கிக்கொள்ளும் ஒற்றை ஸ்டீரியோ ஸ்பீக்கர் கிடைக்கிறது. அதற்கு நான்கு இழை ஒயர் தேவை என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் இல்லாத கான்கிரீட் கூரையா? தளத்தைக் குடைய நினைக்காதீர்கள். சுவரில் மாட்டும் ஸ்பீக்கரோ, அலமாரியில் வைப்பதோ போதும். சொல்லப்போனால், உட்கார்ந்து கவனித்துக் கேட்கும் அறைக்குக் காது மட்டத்தில் எதிரே இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு ஈடாக எந்தக் கூரை ஸ்பீக்கரும் வராது. இரண்டும் நீங்களும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக இருந்தால் சிறப்பு. மேல்மாடியில் வேறு குடும்பம் இருந்தால் கூரை ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் அவர்களுக்கும் போகும். பின்மூடி உள்ள மாடலாகத் தேடுங்கள். கூரைக்கு மேல் வெப்பத்தடுப்புப் பஞ்சு இருந்தாலும் அதே மூடி உதவும்.

குளியலறையிலும் வெளிப்புறத்திலும் ஈரத்தைத் தாங்கும் ஸ்பீக்கர் வேண்டும். ஐபி44 என்றால் நீர்த்தெறிப்பைத் தாங்கும். ஐபி65 என்றால் குழாய் நீர் பீய்ச்சினாலும் தாங்கும். ஆம்ப்ளிஃபயரையோ, மின்சாரத்தில் நேரடியாக ஓடும் எந்தப் பெட்டியையோ குளியலறைக்குள் வைக்க வேண்டாம். ஸ்பீக்கரும் அதன் ஒயரும் மட்டும் உள்ளே போகட்டும்.

டிவி இருக்கும் இடம் தனிக் கதை. நெட்வொர்க் வழியாக வரும் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால், உதடு அசைந்த பிறகு பேச்சு வரும். டிவிக்கும் அதன் ஒலிக்கருவிக்கும் நடுவே நேரடி எச்டிஎம்ஐ கேபிள் ஓட வேண்டும். சாதாரண செம்பு எச்டிஎம்ஐ 4கே படத்துக்கு 5 மீட்டர் வரை நம்பலாம். அதற்கு மேல் ஆப்டிகல் வகை வாங்குங்கள். அதில் எந்த முனை டிவிக்கு, எந்த முனை கருவிக்கு என்று எழுதியிருக்கும். திருப்பிப் போட்டுப் பூசிவிட்டால் படமே வராது. எச்டிஎம்ஐ தரம் சில ஆண்டுக்கொருமுறை மாறுவதால், அதை மட்டும் கட்டாயம் பைப்புக்குள் போடுங்கள், பின்னால் உருவி மாற்றும்படி. கீழ்ச்சுருதி ஒலிக்கான சப்வூஃபர் வைக்க நினைக்கும் மூலைக்கு ஒரு ஆர்ஜி-6 கோஆக்ஸ் கேபிளும் (டிஷ் ஆன்டெனாவுக்குப் போடும் வகை) ஒரு பிளக் பாயின்ட்டும் போதும்.

எல்லாம் வந்து சேரும் இடம்

எல்லா ஒயரும் ஓரிடத்தில் போய் முடிய வேண்டும். படிக்கட்டுக்குக் கீழ், சாமான் அறை, அகலமான அலமாரி எதுவானாலும் சரி. ஈரம் கூடாது, காற்று போய்வர வேண்டும், நீங்கள் பின்னால் கைவிட்டு வேலை செய்ய இடம் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கருவிகளை அடுக்கும் சட்டமான ரேக்கின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் ஒவ்வோர் ஒயரையும் மாற்றும்போது தோள்பட்டை கழன்றுவிடும். இணைய இணைப்பு வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே இது அமைந்தால் பாதி வேலை மிச்சம்.

இந்த இடத்துக்குத் தனி எம்சிபி-யோடு (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) ஒரு தனி மின்சுற்று கேளுங்கள். ஆறு அல்லது எட்டு பிளக் பாயின்ட் இருக்கட்டும். எல்லா ஒலிக்கருவிகளும் ஒரே மின்சுற்றில், ஒரே எர்த்தில் இருந்தால் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று ஓடும் இரைச்சலுக்கான வாய்ப்பு குறையும். மின்சார வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனே செய்யட்டும். உங்கள் ஊர் விதி என்ன சொல்கிறதோ அதுதான் இறுதி. ஸ்பீக்கர் ஒயரை நாமே இழுக்கலாமா என்பதும் அந்த விதியைப் பொறுத்ததே.

ஒயர் வாங்குவது

இங்கேதான் அதிகம் ஏமாறுவார்கள், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒயரின் மின்தடை ஸ்பீக்கரின் இம்பீடன்ஸில் (ஸ்பீக்கரின் பின்னால் ஓம் அளவில் எழுதியிருக்கும் மின்தடை) 5 சதவீதத்துக்குள் இருந்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 0.4 ஓம். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு இழையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் ஏறக்குறைய 17 மீட்டர் தூரத்துக்குச் சரி, 2.5 ஸ்கொயர் எம்எம் 29 மீட்டர் வரை. 4 ஸ்கொயர் எம்எம் 46 மீட்டர் வரை. ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் இந்தத் தூரங்கள் எல்லாம் பாதியாகும். ஆக, பெரும்பாலான வீடுகளுக்கு 2.5 போதும், யோசிக்காமல் எல்லா இடத்துக்கும் அதையே வாங்கிவிடலாம். தூரத்தைக் கூரை வழியாக, வளைவுகளோடு அளந்துகொள்ளுங்கள். வரைபடத்தில் 8 மீட்டர் என்று தெரிவது சுவரேறி இறங்கினால் 14 ஆகிவிடும். தோட்டம் போன்ற மிக நீண்ட தூரத்துக்கு, கடைகளிலும் நிலையங்களிலும் அறிவிப்புக்குப் பயன்படுத்தும் 100 வோல்ட் லைன் முறை இருக்கிறது. சாதாரண வீட்டுக்கு அது வேண்டாம்.

அடுத்து, முழுச் செம்பா என்று பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய ஒயர் சிசிஏ என்ற பெயரில் விற்கிறது. அதே தடிமனுக்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல், மடக்கினால் முறியும், திருகாணிக்கடியில் நாளாவட்டத்தில் தளர்ந்துபோகும். கண்டுபிடிப்பது சுலபம்: ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுருளைக் கையில் தூக்கினாலே தெரியும், முழுச் செம்பு நன்றாகக் கனக்கும். கேட்-6 கேபிளிலும் இதே கலப்படம் உண்டு, அங்கேயும் சுரண்டிப் பாருங்கள். சுவருக்குள் போடத் தகுதியுள்ள, தீயைப் பரப்பாத மேலுறை கொண்ட ஒயரா என்பதும் முக்கியம். இவை சரியாக இருந்தால், 'ஸ்பெஷல்' ஸ்பீக்கர் கேபிள் என்று பல மடங்கு விலை சொல்லப்படுவதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ரேக்கிலிருந்து தனி ஒயர் போக வேண்டும். ஒரு ஸ்பீக்கரிலிருந்து அடுத்ததுக்கு என்று சங்கிலி போல இணைத்தால் ஒயர் மிச்சமாகும், ஆனால் பின்னால் ஸோனைப் பிரிக்க வழியே இருக்காது. சுவருக்குள் ஒட்டுப் போடவும் கூடாது. ஒட்டுப் போட்ட இடம்தான் பத்து வருடம் கழித்து மக்கர் செய்யும், அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. கேட்-6 கேபிளும் இப்படியே, ஒவ்வொன்றும் ரேக்குக்குத் தனியாக. 100 மீட்டருக்குள் இருந்தால் சரி. ஹாலின் கூரை நடுவில் ஒரு கூடுதல் கேட்-6 விட்டுவைத்தால், நாளைக்கு வைஃபை பரப்பும் பெட்டியான அக்சஸ் பாயின்ட்டை அந்தக் கேபிளிலேயே மின்சாரமும் கொடுத்து மாட்டலாம்.

காடி வெட்டி, பைப் போட்டு

சுவரில் ஒயருக்கான காடி (நீளப் பள்ளம்) வெட்டும்போது செங்குத்துக் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. பாரம் தாங்கும் சுவரில் கிடைமட்டமாக வெட்டாமல் இருப்பதே மேல். பீம், தூண் பக்கம் கட்டிங் மெஷினைக் கொண்டுபோகவே வேண்டாம்.

முடிந்த இடத்தில் எல்லாம் ஒயரைப் பைப்புக்குள் விடுங்கள், 25 மிமீ பைப்பாக. உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். இறுக்கி அடைத்தால் ஒன்றை உருவும்போது மற்றது சேர்ந்து வரும். இரண்டு வளைவுக்கு ஒரு பெட்டி என்று வைத்தால் இழுக்க முடியும். முழங்கை போல வெட்டென்று திரும்பும் பெண்ட்டுக்குப் பதில் நீண்டு வளையும் பெண்ட் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் இழுத்த பிறகும் ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிற்றை விட்டுவையுங்கள். கயிறு கிட்டத்தட்ட இலவசம். இல்லாத அன்றுதான் அதன் அருமை தெரியும்.

மின் ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் ஒரே பைப்பில் போகவே கூடாது. இது இரைச்சலுக்காக மட்டும் சொல்வதில்லை. மின் ஒயரின் மேலுறை எங்காவது பழுதானால் வீட்டு மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்கும், அதைத் தொடுகிற கைக்கும் வந்துவிடும். இணையாக நெடுந்தூரம் ஓடினால் 30 செ.மீ. இடைவெளி விடுங்கள், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். கேட்-6 கேபிளை மடித்து ஒடிக்காமல், கிளிப்பை நசுக்கி அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது மென்மையான உடம்பு.

லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆழமான காலிப் பெட்டி வைத்து அங்கே ஒரு கேட்-6 கேபிள் விடுவதை வலியுறுத்திச் சொல்வேன். பின்னால் அங்கே ஒரு சுவர் பட்டன் பலகை மாட்டலாம். ஃபோனிலேயே எல்லாம் செய்யலாமே என்று கேட்பீர்கள். பாட்டி ஃபோனைத் தேடி, கண்ணாடியைத் தேடி, செயலியைத் திறந்து சத்தத்தைக் குறைப்பதற்குள் அழைப்புமணி அடித்தவர் திரும்பிப் போயிருப்பார். சுவரில் ஒரு பட்டன் இருந்தால் விருந்தாளிக்கும் புரியும். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரையே இந்தப் பெட்டி வழியாக விட்டு, அங்கே சத்தம் குறைக்கும் திருகு வைக்கும் பழைய முறையும் உண்டு. கெடுவதற்கு ஒன்றுமில்லாத முறை. அது வேண்டுமானால் ரேக்கிலிருந்து பெட்டி வரை நான்கு இழை ஒயரும், அங்கிருந்து ஸ்பீக்கர்களுக்குத் தலா இரண்டு இழையும் போக வேண்டும்.

மூடுவதற்கு முன் ஒரு நாள்

பூச்சுக்கு முன் ஒரு முழு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். வேலை தாமதமாகிறது என்று கொத்தனார் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

முதலில் பெயர். ஒயரின் இரு முனையிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும்: 'ஹால் இடது', 'ஹால் வலது', 'படுக்கை-1 இடது' என்று. ஒட்டும் காகிதம் மட்டும் போதாது, பூச்சு வேலையில் கிழிந்துவிடும். அழியாத பேனாவால் மேலுறையிலேயே எழுதி, மேலே ஒளிபுகும் டேப் சுற்றுங்கள். முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி இன்னொரு முறை எழுதுங்கள், ஏனென்றால் முனையைத்தான் வெட்டுவீர்கள். ஸ்பீக்கர் பக்கம் அரை மீட்டரும் ரேக் பக்கம் இரண்டு மூன்று மீட்டரும் உபரி விட்டு, சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். எங்கள் வீட்டில் பையில் கட்டாத ஒரு முனை பூச்சுக்குள்ளேயே புதைந்து போயிற்று. படம் எடுத்திருந்ததால் தப்பித்தேன்.

ஆம், படம். ஒவ்வொரு சுவரையும் கூரையையும், அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஃபோட்டோ எடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று படத்திலேயே தெரிய வேண்டும். ஸ்பீக்கருக்கு மட்டுமல்ல, பிற்பாடு ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் இது உதவும்.

கடைசியாகச் சோதனை. ஒரு மல்டிமீட்டர் போதும். மறுமுனை திறந்திருக்கும்போது இரண்டு இழைக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் எங்கோ நசுங்கி ஒட்டியிருக்கிறது. மறுமுனையை முறுக்கிவிட்டு அளந்தால் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். கேட்-6 கேபிளுக்குச் சின்னச் சோதனைக் கருவி தனியாக உண்டு. இதே சோதனையைப் பூச்சு முடிந்ததும் ஒரு முறை, ஃபால்ஸ் சீலிங் மூடியதும் ஒரு முறை செய்யுங்கள். தச்சரின் ஓர் ஆணி போதும், முன்பு பார்த்ததெல்லாம் வீண்.

இனி பெட்டிகள்

சேனல்களை எண்ணுங்கள். ஸ்டீரியோ ஸோனுக்கு இரண்டு சேனல். நான்கு ஸோனுக்கு எட்டுச் சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 2 மீட்டரில் சுமார் 82 டெசிபல் தரும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவுதான். பின்னணிப் பாட்டுக்கு ஒரு வாட் கூடச் செலவாவதில்லை. சேனலுக்கு 30 முதல் 50 வாட் தாராளம். 50-க்குப் பதில் 100 வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

வாட்டைவிடக் கவனிக்க வேண்டியது ஓம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே சேனலில் இணையாகச் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயருக்கு அது 4 ஓம். நான்கு சேர்த்தால் 2 ஓம். 4 ஓமுக்குக் குறையக்கூடாது என்று குறிப்பில் எழுதியிருக்கும் பெட்டியில் நான்கைச் சேர்த்தால் அது சூடாகி நிற்கும், இல்லையென்றால் போய்விடும். மூடிய அலமாரிக்குள் வைப்பதானால் கிளாஸ்-டி வகை ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள். வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு ஒலிக்கே தருவதால் சூடு குறைவு.

பாட்டை ஓட்டும் கருவிக்கு, உங்கள் வீட்டில் ஏற்கெனவே என்ன ஃபோன், என்ன பாட்டுச் சந்தா என்பதிலிருந்து தொடங்குங்கள். ஏர்பிளே 2, கூகுள் காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற, ஃபோனிலிருந்து பாட்டை அனுப்பும் பொதுவான வழிகளை ஏற்கும் கருவி, தன் செயலி ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் கருவியைவிட நீண்டநாள் பயன்படும். சோனோஸ், ப்ளூசவுண்ட், யமஹாவின் மியூசிக்காஸ்ட், டெனானின் ஹியோஸ் எல்லாமே அறைகளை ஒன்றுசேர்க்கும். ஆனால் ஒன்றின் கருவி இன்னொன்றின் குழுவில் சேராது, ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரே குடும்பம். கைவேலை பிடித்தவர்கள் ராஸ்பெரி பை பலகையில் ஸ்நாப்காஸ்ட் போன்ற திறமூல மென்பொருளைப் போட்டு இதையே செய்கிறார்கள். மேலே சொன்ன ஸ்க்வீஸ்பாக்ஸின் மென்பொருளும் லிரியன் என்ற பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எல்லா ஸோனுக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஒயர் தயாராக இருக்கிறதே, இரண்டு ஸோனில் தொடங்குங்கள்.

மாட்டும் நாள்

பெயின்ட் முழுதும் முடிந்து, தூசி அடங்கிய பிறகே ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து எடுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரு முனையிலும் பார்த்து இணையுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் எதுவும் கெடாது, ஆனால் இரண்டும் சேர்ந்து பாடும்போது கீழ்ச்சுருதி காணாமல் போய் ஒலி சப்பென்று இருக்கும். சந்தேகம் வந்தால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றி, ரேக் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட வையுங்கள். பேட்டரியின் பிளஸ் சிவப்பில் பட்டால் ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வர வேண்டும். ஒருவர் ரேக்கில் தொட, இன்னொருவர் ஏணியில் நின்று பார்த்துக் கத்தினால் பத்து நிமிடத்தில் வீடு முழுக்க முடிந்துவிடும்.

அப்புறம் ஒரே பாட்டை எல்லா அறையிலும் ஓடவிட்டு, மெதுவாக நடந்து பாருங்கள். கதவைத் தாண்டும்போது சத்தம் திடீரென்று ஏறவோ இறங்கவோ கூடாது. ஆம்ப்ளிஃபயரில் ஸோனுக்கு ஸோன் அளவைச் சரிசெய்து, படுக்கையறைகளுக்கு மட்டும் உச்ச வரம்பு ஒன்று வைத்துவிடுங்கள். எந்த ஒயர் எந்தச் சேனலில் என்று ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எடுத்த படங்களின் ஒரு பிரதியை வீட்டில் இன்னொருவர் ஃபோனிலும் போட்டு வையுங்கள்.